காஜிப்பூர் தையல் லைனில் பார்த்த வளர்ச்சி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பழகிய பிறகு, வங்கதேசத்தின் காஜிப்பூரில் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் சேர்ந்தேன். அதே டி-ஷர்ட்தான், நடக்கிற விதம்தான் வேறு. திருப்பூரில் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்கில் துணி ஊரையே சுற்றி வரும். டெய்லர் ஓவர்லாக் மெஷினும் ஓட்டுவார், பேட்லாக் மெஷினும் ஓட்டுவார், தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் கணக்குத் தீர்ப்பார். காஜிப்பூரில் பல மாடிக் கட்டடம், மாடிதோறும் மெஷின்களை வரிசையாகப் போட்ட லைன்கள், மாதச் சம்பளம். ஒரு பெண் காலையிலிருந்து கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி, மட்டுமே வைப்பார். ரிப்பில் நான்கு இடத்தில் அடையாளம் பிடித்து, இழுப்பு கூடாமல் குறையாமல் ஒரே ஓட்டத்தில் சுற்றி முடித்து, அடுத்த பீஸை எடுத்துவிடுவார். அந்த மணிக்கு எத்தனை பீஸ் இறங்கியது என்பது லைன் முனைப் பலகையில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்தியாவில் ஆடைத் தயாரிப்பு வெகுகாலம் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2000-க்குப் பிறகுதான் அது படிப்படியாக நீங்கியது. வங்கதேசத்தில் பெரிய தொழிற்சாலைகளுக்கு அப்படி ஒரு தடை இல்லை.

அங்கே இந்தத் தொழில் வேர்விட்ட விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 1974-ல் வந்த பல்லிழை ஒப்பந்தம் கொரியா போன்ற நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்குக் கோட்டா, அதாவது இவ்வளவுதான் என்ற வரம்பு, போட்டது. கோட்டா இல்லாத நாட்டைத் தேடிய கொரியாவின் டேவூ நிறுவனம், அரசு அதிகாரியாக இருந்து தொழிலுக்கு வந்த நூருல் காதரின் தேஷ் கார்மென்ட்ஸுடன் 1978-ல் கைகோத்தது. தேஷின் 130 பேர் கொரியாவின் பூசானுக்குப் போய் ஆறு மாதம் பயிற்சி பெற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறி, சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள் அல்லது புதிய கம்பெனிகளை நடத்தப் போனார்கள். அந்தக் கம்பெனிக்கு அது இழப்புதான். நாட்டுக்கோ அதுவே முதலீடு ஆனது.

தொழில் தெரிந்தால் போதுமா? துணி வாங்கப் பணம்? அதற்கு ‘பேக் டு பேக் எல்.சி.’ வந்தது. எல்.சி. என்பது சரக்கு அனுப்பியதற்கான ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். வெளிநாட்டு பையர் திறந்த எல்.சி.யை ஈடாகக் காட்டினால், துணி இறக்குமதிக்கு வங்கி இன்னொரு எல்.சி. திறக்கும். சரக்கு கப்பலேறிப் பணம் வந்ததும் கடன் கழியும். ஏற்றுமதிக்கான துணிக்குச் சுங்க வரி இல்லை. சுங்கக் கண்காணிப்பில் உள்ள பாண்டட் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். கையில் பெரிய முதல் இல்லாதவரும் தொழிலில் இறங்க முடிந்தது இதனால்தான். ஆசிய வளர்ச்சி என்றாலே மலிவான கூலி என்று முடித்துவிடுகிறவர்கள் இந்த இரண்டு ஏற்பாட்டையும் கவனிப்பதே இல்லை. கூலி மலிவான நாடுகள் அப்போதும் நிறைய இருந்தன.

கூலி மலிவுக்கு அந்த நாடு கொடுத்த விலையும் பெரிது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். அதன் பிறகு கட்டடச் சோதனையும் தீத்தடுப்பும் கடுமையாயின. குறைந்தபட்ச மாதச் சம்பளம் அதே ஆண்டு 5,300 டாக்காவாக உயர்ந்தது. இன்றைய 12,500 டாக்கா 2023 டிசம்பரில்தான் வந்தது. காஜிப்பூரில் வீட்டு வாடகையும் அரிசி விலையும் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சொற்பம் என்பது புரியும்.

இதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சூப்பர்வைசர், லைன் சீஃப், புரொடக்ஷன் மேனேஜர் என்று மேலே போகப்போக எல்லாம் ஆண்கள். பூசானில் பயின்றவர்களுக்கு வேலை கற்றதும் முதலாளியாகும் வழி திறந்தது. எட்டுப் பத்து வருடம் ரிப் வைத்த பெண்ணுக்கு சூப்பர்வைசர் நாற்காலிகூடக் கிடைப்பது அபூர்வம். ஒரு லைன் எங்கே தேங்குகிறது என்பதை நான் பலகையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து லைனை ஒப்படைக்க, இன்னொரு டேவூ வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. தொழிற்சாலை நிர்வாகமே செய்யலாம்.