கோத்தகிரில ரெண்டு சென்ட் பாத்தில மெண்டல் பட்டாணி: எனக்கு பதினோரு மாசம் ஆச்சு

பொண்ணு பன்னெண்டாவது. ராத்திரி அடுப்படில உக்காந்து 9:3:3:1, 9:3:3:1ன்னு மந்திரம் மாதிரி சொல்லிட்டு இருந்தா. பட்டாணிச் செடிய கலந்து, பண்பு எப்படி பிள்ளைங்களுக்குப் போகுதுன்னு பாத்த மெண்டலோட கணக்கு அது: ரெண்டு பண்புல வேற வேறயா இருக்கற ரகங்கள கலந்தா, பேரப்பிள்ளை தலைமுறைல நாலு வகை இந்த விகிதத்துல வரும். அந்த ஒன்பது எங்க இருந்து வருதுன்னு கேட்டேன், கட்டம் போட்டு காமிச்சா. சரி கட்டம் புரியுது, ஆனா பட்டாணில அது எங்க தெரியும், இலையிலயா காய்லயான்னு கேட்டா முழிக்கிறா. எனக்கும் தெரியல. நம்ம ஊர்ல பட்டாணி விளையாத தோட்டமா, வச்சே பாத்துரலாம்னு அன்னைக்கு வாய விட்டதுதான்.

போன பிப்ரவரில ஆரம்பிச்சேன். ரெண்டு வகை வேணும். ஒண்ணு மளிகைக்கடைல சுண்டலுக்கு வாங்குற வெள்ளைப் பட்டாணி, பேருதான் வெள்ளை, உத்துப் பாத்தா மஞ்சள், கோலி மாதிரி உருண்டை. இன்னொண்ணு விதைக்கடைல வாங்குன ஆர்கெல், பச்சையா பறிச்சு விக்கிற ரகம், காஞ்ச விதை பச்சை நிறம், தோல் சுருங்கி கிடக்கும். விதைக்கு மருந்து கலந்து சாயம் ஏத்தி இருப்பாங்க, அதனால கலர் தெரியாது, கொஞ்சத்த கழுவித்தான் பாத்தேன் (கைய சோப்பு போட்டு கழுவிடுங்க, பிள்ளைங்க கிட்ட குடுக்காதீங்க).

முதல் தப்பு, ரெண்டையும் ஒரே நாள்ல விதைச்சது. ஆர்கெல் அவசரக்குடுக்கை, குட்டையா நின்னுகிட்டே பூ விட்டு முடிச்சிருச்சு, கடைப் பட்டாணி அப்பதான் சாவகாசமா குச்சில ஏறிட்டு இருக்கு. மாப்பிள்ளை வர்றதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்ச கதை. மறுபடி ஆர்கெல் மட்டும் வாரம் ஒரு வரிசையா விதைச்சேன், அப்பதான் ரெண்டும் ஒரே நேரத்துல பூத்துச்சு. மாமனார் நாப்பது வருஷமா காய்கறி போட்டவர், வரப்புல நின்னு பாத்துட்டு "ஏம்மா, பட்டாணிக்கு கல்யாணம் பண்ணி வக்கிறியா"ன்னு சிரிச்சார். ஆமாங்க மாமான்னேன்.

இப்ப முக்கியமான இடம். பட்டாணிப் பூ விரியறதுக்கு முன்னாடியே மொட்டுக்குள்ளயே தன்னோட மகரந்தத்த தானே சேத்துக்கும், அதனாலதான் ஒவ்வொரு ரகமும் வருஷக்கணக்கா கலப்பில்லாம நிக்குது, மெண்டல் பட்டாணிய எடுத்ததுக்கு இதுவும் ஒரு காரணம். நான் இது தெரியாம விரியப்போற ஆர்கெல் பூவுல போய் கைய வச்சேன். உள்ள பத்து மகரந்தத் தண்டு இருக்கும், ஒன்பது ஒட்டிகிட்டு ஒண்ணு தனியா, அது தன்னையே சேத்துக்காம இருக்க, புருவம் பிடுங்குற ட்வீசரால ஒவ்வொண்ணா எடுத்தேன். பத்து பூ பண்ணி சிவப்பு நூல் கட்டிட்டேன். அப்புறம் பொண்ணுதான் புத்தகத்த பாத்துட்டு வந்து சொல்றா, அம்மா நீ எடுக்கும்போதே தூள் கொட்டியிருக்கும்னு. அடுத்த தடவை இதழ் வெளிய எட்டிப் பாக்காத பச்சை மொட்டா பாத்து கீறினேன், மகரந்தப்பை உடையாம பச்சையா இருந்துச்சு. மறுநாள் கடைப் பட்டாணில நல்லா முத்துன பூவ பறிச்சு, அதோட சூல்முடில (பூவோட பெண் உறுப்பு நுனி) ஒட்டியிருக்கற தூளையே பிரஷ் மாதிரி வச்சு தடவினேன். மேல மூட காலி பண்ண டீ பேக். டீ ஊர்ல அதுக்கா பஞ்சம்! பதிமூணு பூ, நீல நூல்.

ஆர்கெல்ல தாயா வச்சது தெரியாம பண்ணதுதான், ஆனா அதுதான் காப்பாத்துச்சு. பச்சையும் சுருக்கமும் ஒடுங்கு பண்பு, கலப்புல வெளிய தெரியாது. அப்ப ஆர்கெல் காய்ல மஞ்சளா உருண்டையா விதை வந்தா கலப்பு பிடிச்சிருக்கு, பச்சையா சுருங்கி வந்தா அது தன்னையே சேத்துகிட்டது. நெத்து காஞ்சு உடைச்சப்ப சிவப்பு நூல் பூரா பச்சைச் சுருக்கம். என் பத்து பூவும் வீண். நீல நூல்ல அஞ்சு காய்தான் பிடிச்சிருந்துச்சு, அதுல பதினாலு விதை, பதினாலும் மஞ்சள், பதினாலும் உருண்டை.

அத கைல வச்சுகிட்டுதான் எனக்கு மண்டைல ஏறுச்சு. செடி ஆர்கெல், காய்த்தோல் ஆர்கெல், ஆனா உள்ள இருக்கற பருப்பு அம்மாவோடது இல்ல, அது பிள்ளை, அடுத்த தலைமுறை. அப்போ இந்தப் பதினாலையும் விதைச்சு வர்ற செடியோட காய்க்குள்ளயே பேரப்பிள்ளைங்க உக்காந்திருக்கும், எண்ண வேண்டியது அங்கதான், இன்னொரு தடவை விதைக்கவே வேண்டாம்! பொண்ணுகிட்ட சொன்னா, இத ஏன் கிளாஸ்ல யாரும் சொல்லலன்னா.

செப்டம்பர்ல விதைச்சேன். நாலு எலி தின்னுச்சு. ஒரு நாள் விடியக்காலம் காட்டெருமை நடந்து போனதுல இன்னும் நாலு போச்சு, அது மேய வந்தது கூட இல்ல, சும்மா குறுக்கு வழி. மிச்சம் ஆறு செடி. இந்த முறை பூவுல கை வைக்கல, தானா சேந்துக்கட்டும்னு விட்டுட்டேன்.

டிசம்பர்ல ஆர்வம் தாங்காம பொண்ணு ஒரு காய உரிச்சு, அம்மா எல்லாம் பச்சைன்னு கத்துனா. இளசுல எல்லாப் பட்டாணியும் பச்சைதான். முத்தும்போது பச்சையத்த உடைக்கறது மஞ்சளாகும், உடைக்க முடியாதது பச்சையாவே நிக்கும். சுருக்கமும் காஞ்சாத்தான் தெரியும். மாவுச்சத்து ஒழுங்கா சேராம சர்க்கரை தங்கிடுது, சர்க்கரை தண்ணிய இழுத்து வச்சுக்கும், காயும்போது தண்ணி போனதும் தோல் வத்திப்போகும். ஒரு நொதியோட ஜீன் கெட்டுப்போனதுதான் காரணம்னு 1990ல கண்டுபிடிச்சாங்க. சந்தைல இனிப்பா இருக்குன்னு நாம தேடி வாங்குறோமே, அந்த இனிப்பு இந்தக் கோளாறோடதுதான்.

ஆனா மார்கழி மூட்டத்துல நெத்து எங்க காயுது. பூசணம் பிடிக்க ஆரம்பிச்சதும் செடியோட பிடுங்கி விறகடுப்பு மேல கட்டித் தொங்கவிட்டேன். பொங்கல் முடிஞ்சுதான் முறத்துல கொட்டி உடைச்சோம். முதல் காய்ல ஏழு விதை: நாலு மஞ்சள் உருண்டை, ரெண்டு மஞ்சள் சுருக்கம், ஒண்ணு பச்சை உருண்டை. தாத்தா பாட்டி ரெண்டு பேர்கிட்டயும் இல்லாத சேர்க்கை, ஒரே தொட்டில்ல. அடுத்த காய்ல ஆறும் மஞ்சள் உருண்டை, பொண்ணு மொகம் தொங்கிடுச்சு. ஒவ்வொரு காய்லயும் கணக்கு வராதுடி, கொட்டி எண்ணுன்னேன்.

மொத்தம் 187. மஞ்சள் உருண்டை 109, மஞ்சள் சுருக்கம் 38, பச்சை உருண்டை 31, பச்சைச் சுருக்கம் 9. கணக்குப்படி 105, 35, 35, 12 கிட்ட வரணும். மெண்டலுக்கு 15 செடில 556 விதை, 315, 101, 108, 32. அவர் 1856ல இருந்து 1863 வரைக்கும் இதே வேலையா இருந்தவர், 1866ல அச்சாகி 1900 வரைக்கும் அத சீண்ட ஆள் இல்ல. 1936ல ஃபிஷர்ங்கிற புள்ளியியல்காரர், இந்த எண்ணிக்கை எல்லாம் நம்ப முடியாத அளவுக்கு கச்சிதமா இருக்குன்னு சந்தேகப்பட்டார். எங்களுத பாத்தா அவருக்கு அந்தக் கவலையே வராது.

இப்ப பிரச்சனை அந்த 109. வெளிய எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, ஆனா உள்ள ஒன்பதுல ஒண்ணுதான் ரெண்டு பண்புலயும் சுத்தமா இருக்கணும், மத்ததுல பச்சையோ சுருக்கமோ ரெண்டுமோ ஒளிஞ்சிருக்கும். எது எதுன்னு விதைச்சு, அதோட காய உடைச்சாத்தான் தெரியும். மாமனார் கேட்டுட்டு இன்னும் ரெண்டு சென்ட் தர்றேன்னுட்டார், ஆனா முதல்ல காட்டெருமை வர்ற பக்கம் வேலி போடணுமாம்.