கொக்கி வைத்த பிப் ஷார்ட்ஸ்

மொட்டை மாடிக் கொடியில் என் சைக்கிள் ஷார்ட்ஸ் காய்வதைப் பார்த்துவிட்டு மூணாவது மாடி அக்கா நேற்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டிருக்கிறார், "உங்க வீட்ல யாருக்காச்சும் உடம்பு முடியலையா? பெரியவங்களுக்குப் போடற டயப்பர் காயுதே, சொல்லவே இல்லையே?" வீட்டில் பெரியவங்க என்று இருப்பது அத்தை ஒருவர்தான். மானம் போய்விட்டது. கிளிப்பைக்கூட எடுக்காமல் ஷார்ட்ஸை அப்படியே உருவிக்கொண்டு இறங்கி வந்தவர், சீரியல் ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன்னால் நின்று அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, "இதுக்குள்ள எதுக்கும்மா மெத்தை வெச்சுத் தச்சிருக்கான்?" என்றார்.

"ரொம்ப நேரம் ஓட்டினா வலிக்கும் அத்தை, அதுக்குத்தான்."

"அப்ப மெத்தைய சீட்டுல வைக்க வேண்டியதுதானே? டிரஸ்ல ஏன் வைக்கிறான்?"

நியாயமான கேள்வி. சீட்டு மெத்தென்று இருந்தால் உட்காரும் எலும்பு அதற்குள் அமுங்கிப்போய், அமுங்கக் கூடாத இடமெல்லாம் சீட்டில் அழுந்தி மரத்துப்போகும், ஷார்ட்ஸிலேயே இருந்தால் நாம் நகர நகர அதுவும் கூட வரும் என்று பதில் சொல்லலாம்தான். எந்த இடம் என்று மாமியார் திருப்பிக் கேட்டால்? இவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், ஒரு உதவியும் இல்லை. இதைப் போடும்போது உள்ளே வேறு எதுவும் போடக் கூடாது, உள்ளாடைத் தையல் உரசிப் புண்ணாகிவிடும் என்ற விஷயத்துக்கு நான் போகவே இல்லை. கல்யாணமான புதிதில் நைட்டி மேல் துண்டு போடாமல் பால் வாங்கக் கீழே போனதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறவர் அவர்.

சீட்டு விவகாரம் ஏற்கெனவே ஒரு முறை இந்த வீட்டை உலுக்கியிருக்கிறது. சைக்கிளோடு வந்த சீட்டு வலிக்கிறது என்று கடையில் போய்ச் சொன்னால், "லேடீஸ் சீட் இருக்குக்கா" என்று ஸ்பிரிங் வைத்த ஒரு அகலமான சமாசாரத்தை எடுத்து வைத்தார்கள். காய்கறி வாங்கக் கூடை மாட்டிக்கொண்டு போக அது சரி. சென்னை ஈசிஆர் ரோட்டில் குனிந்து ஓட்டும்போது அது இரண்டு தொடையையும் ஆட்டுக்கல் மாதிரி அரைத்தது. பெண்களுக்குப் பொதுவாக உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஆண்களைவிடக் கூடுதல், அதை அளந்து அதற்கேற்ற அகலத்தில் சீட்டு வாங்க வேண்டும். அளப்பதற்கு மெஷின் எல்லாம் தேவையில்லை. நெளி நெளியான பார்சல் அட்டையைக் கெட்டியான நாற்காலியில் போட்டுக் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும், ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு அளந்து, இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் போதும். நான் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைமேல் உட்கார்ந்து எழுந்து, இவர் மண்டி போட்டு அத்தையின் இஞ்ச் டேப்பால் அந்தக் குழிகளை அளந்துகொண்டிருந்தபோது அத்தை கோயிலிலிருந்து வந்துவிட்டார். கையில் பிரசாதம். ஒன்றும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய் விளக்கேற்றினார்.

சரி, பிப் ஷார்ட்ஸுக்கு வருகிறேன். சாதா ஷார்ட்ஸில் இடுப்பு எலாஸ்டிக் சரியாக என் சிசேரியன் தழும்பின் மேல் உட்காரும். குனிந்தபடி இரண்டு மணி நேரம் மிதித்துப் பாருங்கள், அப்புறம் தெரியும். பிப் ஷார்ட்ஸில் எலாஸ்டிக் கிடையாது, தோளில் இரண்டு பட்டை தாங்கிக்கொள்ளும், வயிற்றுக்கு அவ்வளவு சுகம். ஆனால் பெண்கள் அளவு என்றால் ஒன்று ஸ்டாக் இல்லை, அல்லது பக்கவாட்டில் ஊதாப்பூ பூத்துக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. நாசாவிலேயே 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்வெளியில் நடக்கப் போவதாக அறிவித்துவிட்டு, உடனே போட்டுக்கொள்ளும்படி தயாராக இருந்த விண்வெளி உடையின் மீடியம் அளவு மேல்பகுதி ஒன்றே ஒன்றுதான் என்று ஒருவரை மாற்றினார்கள், இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே போக அக்டோபர் ஆகிவிட்டது. அங்கேயே அந்தக் கதி என்றால் நம் ஊர்க் கடையில் நான் போய் யாரோடு சண்டை போடுவது? ஆண்கள் ஸ்மால் வாங்கிக்கொண்டேன்.

ஆண்கள் முன்பக்கத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வேலை முடிந்தது. கோவளம் தாண்டினால் எங்கள் சைக்கிள் குரூப் அண்ணன்மார் சவுக்குத் தோப்பு ஓரமாக வரிசையாக நின்று, சிலர் சைக்கிளிலிருந்து முழுசாக இறங்காமலே, அரை நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். நமக்கு? முதலில் ஒரு பெட்ரோல் பங்க் வேண்டும். அதில் கழிப்பறை வேண்டும். கதவில் தாழ்ப்பாள் வேண்டும். அதெல்லாம் அமைந்த பிறகு ஜெர்சியை முழுசாகக் கழற்ற வேண்டும், ஏனென்றால் பட்டை இருப்பது ஜெர்சிக்கு அடியில். ஜெர்சியின் முதுகுப் பையில் போன், வீட்டுச் சாவி, கடலை மிட்டாய், பஞ்சர் கிட். மாட்ட ஆணி இருக்காது. தரை எப்போதும் ஈரம், என்ன ஈரம் என்று யோசிக்கக் கூடாது. ஆக ஜெர்சியைக் கழுத்தில் சுற்றி, போனைப் பல்லில் கடித்து, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, வேர்வையில் ஒட்டிய பட்டையை ஒரு கையால் உரித்துக்கொண்டு, இன்னொரு கையால் தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து கேப்டன் வெளியிலிருந்து "எல்லாரும் ரெடியா?" என்று விசில் அடிப்பார். இதே மனிதர்தான் முந்தின நாள் ராத்திரி குரூப்பில் "நிறைய தண்ணி குடிங்க, ஹைட்ரேஷன் முக்கியம்" என்று போடுகிறவர். பெண்கள் எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டு, மறுநாள் மகாபலிபுரம் வரைக்கும் உதட்டை நனைப்பதோடு சரி. இந்த வெயிலில் அது எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்கிறோம்.

இந்தக் கதையை, சில இடங்களை விழுங்கிவிட்டு, நேற்று அத்தையிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். அதுவும் சீரியல் நடுவில். "அந்தப் பட்டையக் காட்டு" என்று வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின் இடுப்பில் பட்டை சேரும் இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இது ஒரு விஷயமா? இங்க வெட்டி, பாவாடைக்கு வைக்கிற பெரிய கொக்கி ரெண்டு வெச்சாப் போச்சு. சட்டைய ஏன் கழட்டணும்? பின்னாடி கைய விட்டுக் கொக்கி மாட்டறதுக்கு நம்மளுக்கு யாராச்சும் சொல்லித் தரணுமா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. கம்பெனிக்காரர்கள் இதே மாதிரி கிளிப் வைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, பல ஆயிரத்துக்கு விற்கிறார்கள். 1977-இல் அமெரிக்காவில் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்று மூன்று பெண்கள், ஓடும்போது படும் அவஸ்தை தாங்காமல், ஆண்கள் விளையாடும்போது போடும் ஜாக்ஸ்ட்ராப் என்ற உள்ளாடை இரண்டை வாங்கிச் சேர்த்துத் தைத்ததில் வந்ததுதான் ஸ்போர்ட்ஸ் பிரா. அதில் பாலி ஸ்மித் நாடகத்துக்கு உடை தைக்கிறவர். தையல் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் இல்லாமல் நமக்கு எதுவும் நடந்ததில்லை போலிருக்கிறது.

ராத்திரி மெஷின் சத்தம் ஓயவே இல்லை. தையல் பிரியாமலிருக்க உள்ளே பழைய புடவை ஃபால்ஸ் துணியை மடித்துக் கொடுத்து, கொக்கி முதுகில் குத்தாமலிருக்க ஒரு துண்டு பிளானலும் வைத்திருந்தார். போட்டுக் காட்டச் சொல்லி, ஜெர்சிக்குப் பின்னால் என்னைக் கைவிட்டு அவிழ்த்து மாட்ட வைத்து, "ம்" என்றார். அவரிடமிருந்து "ம்" வாங்க இவருக்கே வேலை கிடைக்க வேண்டியிருந்தது. காலையில் இருட்டில் நான் சைக்கிளை இறக்கும்போது மூணாவது மாடி அக்கா பால் பாக்கெட் எடுக்க வந்தார். அத்தை அவரிடம், யாரும் கேட்காமலே, "மகாபலிபுரம் வரைக்கும் மிதிக்கிறா, எனக்கெல்லாம் பஸ்ல போனாலே இடுப்பு விட்டுப் போகும். இது அதுக்குன்னே தச்ச டிரஸ்" என்றார்.

அந்தத் தைரியத்தில் இன்று பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். கொக்கிக் கதையைச் சொல்லி மற்ற பெண்களையும் குடிக்க வைத்தேன். திரும்பும் வழியில் வழக்கமான பங்க்கில் நிறுத்தினால் பெண்கள் கழிப்பறையில் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார். பங்க்கில் கழிப்பறையை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகளின் விதியே இருக்கிறது. அதைச் சொன்னால் அந்தப் பையன் பாவமாகப் பார்த்து, "ஜென்ட்ஸுது தொறந்துதான்கா இருக்கு" என்றான். எட்டிப் பார்த்தோம். அதற்குக் கதவே இல்லை.

அடுத்தது எங்கே என்று யாரும் பேசவில்லை. ஏறி மிதித்தோம். முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்று, மற்ற நாட்களில் அங்கே நின்று போட்டோ எடுப்போம், இன்று ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. உத்தண்டி டோல்கேட்டில் அண்ணன்மார் கண்ணுக்கெட்டாத தூரத்தில் பின்னால் இருந்தார்கள். நான் எப்படி வீடு வந்து மாடி ஏறினேன் என்று ஞாபகம் இல்லை, கொக்கி ஒரே இழுப்பில் கழன்றது, அத்தை வாழ்க.

இப்போது குரூப்பைத் திறந்தால் கேப்டன், ஓட்டின தூரமும் வேகமும் காட்டும் ஸ்ட்ராவா ஆப் படத்தைப் போட்டிருக்கிறார். கோவளத்திலிருந்து திருவான்மியூர் வரைக்கும் லேடீஸ் டீமின் இதுவரை இல்லாத வேகமாம். கூடவே நாலு தீ, ஒரு கோப்பை. "செம பேஸ் சிஸ்டர்ஸ்! என்ன டயட் ஃபாலோ பண்றீங்க?"