தருமபுரியில் 'தண்ணீர்' படித்தவர்கள்

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை நான் முதலில் படித்தது கல்லூரி நாள்களில். கையில் பேனா இல்லாமல் புத்தகத்தைத் திறக்காத வயது அது. குழாய், குடம், வரிசை என்று எது வந்தாலும் ஓரத்தில் 'குறியீடு' என்று எழுதி, நாவலைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்திருந்தேன். சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் அதையே பேசலாம் என்று முடிவானபோது, பிரதி கிடைக்காமல் தவித்த ஒரு செவிலியருக்கு அந்தப் புத்தகத்தைத்தான் கொடுத்தேன்.

வட்டம் என்பது சற்றே பெரிய சொல். நான்கு ரோடு பக்கம் ஒரு நண்பரின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம், அவ்வளவுதான். அதற்கு முந்தைய கூட்டத்துக்குச் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எடுத்திருந்தோம், பாதிப் பேர் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. எனவே இம்முறை சிறிய நாவலாக இருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனையாக இருந்தது.

'தண்ணீர்' 1971இல் 'கணையாழி'யில் தொடராக வந்து 1973இல் நூலானது. சென்னையின் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில், சினிமாவில் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஜமுனா, அலுவலகம் செல்லும் தங்கை சாயா, வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே வந்துபோகும் பாஸ்கர் ராவ், நோயாளிக் கணவரையும் மாமியாரையும் சுமக்கும் டீச்சரம்மா ஆகியோர் ஒரு தெருவுக்குள் வாழ்கிறார்கள். ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் என்பதால், திரையுலகின் வாசற்படியிலேயே நின்றுவிடுகிற ஒரு பெண்ணை அசோகமித்திரன் மிகையில்லாமல் எழுத முடிந்திருக்கிறது.

பேச்சை நான்தான் தொடங்கினேன். வறண்டுபோன உறவுகளுக்கு இந்நாவலில் தண்ணீர் குறியீடாக நிற்கிறது என்று பழைய பாடத்தை ஒப்பித்தேன். செவிலியர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்னாடி எங்க ஊர்ல ரெண்டு கைபம்பு. ஒண்ணு உப்புத் தண்ணி, வாயில வைக்க முடியாது. இன்னொண்ணு குடிக்க நல்லா இருக்கும், அதுதான் எங்க பல்லைக் கெடுத்துச்சு. இதுல எது சார் குறியீடு?"

மாடியில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் நல்லம்பள்ளிப் பக்கத்து நண்பர் ஒருவர் வழக்கம்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். இத்தனை நாள் பழகியும் அந்தக் கையை நான் கூச்சம் என்றே எண்ணியிருந்தேன். பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல என்பது அரசு வைத்திருக்கும் வரம்பு. பல் உருவாகும் சிறுவயதில் அப்படிப்பட்ட நீரைக் குடித்தவர்களுக்கு அந்தப் பழுப்புக் கறை ஆயுளுக்கும் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் பள்ளிப் பருவத்தையே கடந்துவிட்டார்.

அதன் பிறகு நாவலைப் பற்றிய பேச்சு வேறு தினுசில் போனது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு நாவலாசிரியர் மீதே வருத்தம்: இத்தனை அவலத்தைச் சொல்பவர் ஓர் இடத்திலாவது கோபப்பட்டிருக்க வேண்டாமா, அரசைக் கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. நவீனத்துவ எழுத்தின் மேல் தமிழில் நெடுநாளாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டும் ஏறக்குறைய இதுதான். ஆனால், தெரு முழுவதும் தோண்டிப் போடப்பட்டிருக்க, அடுத்த குடம் எங்கே கிடைக்கும் என்று அலைபவளுக்குக் கோபப்படவும் ஓய்வு வேண்டுமே என்று செவிலியர் கேட்டபோது, நாவலின் அந்த வறண்ட, விளக்கம் சொல்லாத நடை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடிபட்டது. அசோகமித்திரன் ஜமுனாவுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடக்கிறார்; அவளுக்குத் தோன்றாத ஒன்றை அவளுக்காகத் தானே பேசுவதில்லை.

டீச்சரம்மா தன் மணவாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் பகுதியைத் தமிழாசிரியரையே வாசிக்கச் சொன்னோம். அங்கே ஆறுதல் மொழி கிடையாது, அறிவுரையும் கிடையாது. நடந்ததைச் சொல்கிறாள், அவ்வளவே. ஆயினும் ஜமுனா அதற்குப் பிறகு பழைய ஜமுனாவாக இல்லை. மாற்றம் எந்த வரியில் நிகழ்கிறது என்று இருவர் தேடிப் பார்த்தார்கள். விரல் வைத்துக் காட்ட இயலவில்லை. வாசித்து முடித்த ஆசிரியர், "கோபம் இல்லேன்னு சொன்னது தப்போ என்னமோ" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். முழுதாக இறங்கி வந்தார் என்று சொல்லமாட்டேன். பாஸ்கர் ராவைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. அவனை எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

புத்தகம் அன்றே என்னிடம் திரும்பி வந்தது. இரவு புரட்டியபோது, ஜமுனா குடத்தோடு அலையும் ஒரு பக்கத்தில், மங்கிப்போன என் 'குறியீடு'க்குக் கீழே, அழித்துவிடலாம் என்று நினைத்து எழுதியதைப்போல மெல்லிய பென்சிலில் சிறிய எழுத்தில் இருந்தது: 'எத்தனை குடம்?'