அந்த ரெண்டு போட்டது யார்?

டெல்லியில் மருத்துவ வழிகாட்டுதல்கள் தயாரிக்கும் ஒரு குழுவில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, புள்ளியியல் படித்தவள். டாக்டர்கள் சொல்வதை எக்செலில் ஏற்றுவதுதான் பிழைப்பு.

சேர்ந்த புதிதில் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் முடிவெடுப்பார்கள். மூத்த பேராசிரியர் முதலில் பேசுவார். அறையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அப்புறம் யார் வாய் திறப்பார்கள்? மினிட்ஸில் 'ஒருமனதாக' என்று எழுதுவேன். லிஃப்டில் இறங்கும்போதுதான் நிஜமான கருத்தெல்லாம் வெளியே வரும்.

பிறகு டெல்ஃபி முறைக்கு மாறினோம். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. பழைய கிரேக்கத்தில் குறி சொன்ன கோயிலின் பெயரை ஏன் வைத்தார்களோ, இதில் அருள்வாக்குக்கு இடமே இல்லை. ஒவ்வொரு பரிந்துரைக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 7, 8, 9 என்றால் சம்மதம். 1, 2, 3 என்றால் மறுப்பு. யார் எத்தனை போட்டார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. மதிப்பெண்களையும் காரணங்களையும் பெயரில்லாமல் எல்லாருக்கும் அனுப்பி, மறுபடி போடச் சொல்வோம்.

ஒருமுறை, ரத்த அழுத்தத்துக்கு எனாலபிரில் என்ற மாத்திரை தொடங்கியவர்களுக்கு ஒரே வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. அந்த மாத்திரையால் சிலருக்குப் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பே தடுமாறலாம். பார்க்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எத்தனையாவது நாள் என்பது பெரும்பாலும் அனுபவத்தில் சொல்வது. எல்லாரும் 8, 9 போட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் 2.

காரணமும் எழுதியிருந்தார்: 'என் நோயாளி இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஒரு வாரத்தில் வா என்றால் வரமாட்டார், மாத்திரையையும் விட்டுவிடுவார். கிட்னி கோளாறு உள்ளவருக்கு ஒரு வாரம் சரி. மற்றவர்கள் இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் லேபில் பார்த்து, ரிசல்ட்டைப் போனில் சொல்லட்டுமே.'

அடுத்த சுற்றில் பல 9கள் 5க்கு இறங்கின. வரியைத் திருத்தினோம்.

அதற்காக, ஆய்வு இருக்கும் இடத்திலும் நிபுணர் வாக்கே வேதம் என்று சொல்லமாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 39 மருத்துவமனைகளில் 464 கோவிட் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையால் மரணம் குறையவில்லை. முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. தேசிய வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கியது 2021 மே மாதத்தில். நடுவில் அந்த ஏப்ரலில், ஆர்.கே.புரத்து எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவில் பிளாஸ்மா கேட்டு செய்தி வராத நாளில்லை.

திருத்திய வரி அச்சுக்குப் போன அன்று, நாகர்கோவில்காரரான எங்கள் தலைவர் கேன்டீனில் பிடித்துக்கொண்டார்.

"அந்த ரெண்டு போட்டது யாரும்மா?"

"அதைச் சொல்லக்கூடாதே சார்."

சிரித்தார். "யாரோ, சொன்னது சரி. முதல் போஸ்டிங்கில நானும் பார்த்ததுதான். எப்படியோ மறந்துபோச்சு."

முதல் சுற்றில் அவர் போட்டது எத்தனை என்றும் எனக்குத் தெரியும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.