வன்னியிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்கு

பிரித்தானியா இன்னும் வைத்திருக்கும் தீவுகளில் எங்களுக்குக் கிட்ட இருப்பது இந்து சமுத்திரத்திலுள்ள டியேகோ கார்சியா. அது படைத்தளம், சுற்றுலாவுக்கு விடமாட்டார்கள். 2021இல் படகில் போய் அங்கே அகப்பட்ட எங்கட சனம் 2024 டிசம்பர் வரை கூடாரங்களில் கிடந்ததை மறக்க முடியாது.

போகக்கூடியது தென் அத்திலாந்திக்கிலுள்ள செயின்ட் ஹெலினாத் தீவு. கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, முதல் வேலை கொழும்பில் தென்னாபிரிக்க விசா. பலமுறை நுழையும் விசாவையே கேளுங்கள்; தென்னாபிரிக்க நிறுவனமான எயார்லிங்கின் விமானம் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து போய் ஜொகன்னஸ்பேர்க்குக்கே திரும்புகிறது, வழமையாக வாரம் ஒருமுறை.

ஓடுபாதை செங்குத்தான மலைவிளிம்பில் இருப்பதால் தரையிறங்கும் நேரம் காற்று திடீரெனத் திசையும் வேகமும் மாறும். 2016இல் தொடங்கவிருந்த பயணிகள் சேவை 2017 ஒக்டோபர் வரை தள்ளிப்போனதும் இதனால்தான். இன்றைக்கும் தாமதம் வரும். ஆகவே கட்டுநாயக்கவுக்குத் திரும்பும் விமானத்தை அதே நாளில் போடாதீர்கள், இரண்டு நாளாவது விடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் தவறவிட்டதன் காசு பெரும்பாலும் திரும்பாது.

நோயாளியைத் தீவிலிருந்து விமானத்தில் வெளியேற்றும் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். செயின்ட் ஹெலினா பவுண் பிரித்தானியப் பவுணுக்குச் சமம், ஆனால் செயின்ட் ஹெலினாவுக்கும் அசென்சன் தீவுக்கும் வெளியே செல்லாது; புறப்படமுன் மாற்றிவிடுங்கள்.