நான் வாங்காத வண்டி லோனுக்கு ரெக்கவரி கால்: எனக்கு நடந்ததும் நான் செஞ்சதும்

ரெக்கவரி ஏஜென்ட்கிட்ட போன்ல "இந்த லோன் என்னோடது இல்லைங்க"ன்னு எத்தனை தடவை கத்தினாலும் அது எங்கயும் பதிவாகாது. இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் கையில ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல என் நம்பர் இருக்கு, பேசி முடிச்சதும் ஏதோ ஒரு ஆப்ஷனை அழுத்திட்டு அடுத்த நம்பருக்கு போயிடுவான். நாளைக்கு வேற ஒருத்தன் அதே லிஸ்டை வச்சுக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பான். "ராங் நம்பர்"னு போட்டா கேஸ் அவன் கையை விட்டுப் போயிடும், கமிஷனும் போயிடும், அதனால அதை மட்டும் போடவே மாட்டானுங்கன்றது என் சந்தேகம்.

விஷயம் இதான். ஒரு டூவீலர் லோன், பல மாச ட்யூ பெண்டிங், உடனே கட்டலைன்னா வண்டியைத் தூக்கிடுவோம்னு கால். நான் எந்த வண்டிக்கும் லோன் போட்டதே இல்லை, இருக்கற ஒரே வண்டி ரொக்கம் கொடுத்து வாங்கினது. என் பேரும் சரி, அப்பா பேரும் சரி, தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கற பேரு. நம்ம ஊர்ல இனிஷியல் ஒண்ணு, பேரு ஒண்ணுன்னு இருக்கும், ஆதார்ல ஒரு மாதிரி, பான் கார்டுல அப்பா பேரை விரிச்சு போட்டு வேற மாதிரி. அதோட ஸ்கூல்ல சேர்க்கறப்போ வாத்தியார் வசதிக்கு போட்ட ஜூன் மாச பிறந்த தேதி வேற. இப்படி ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதின்னு இன்னொருத்தர் இருக்கறது ஒண்ணும் அதிசயம் இல்லை.

முதல் கால்லயே அந்தப் பையன் "சார் வெரிஃபிகேஷனுக்கு டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க, பான் நம்பர் சொல்லுங்க"ன்னான். நான் எதுவும் சொல்லலை. எந்த கம்பெனி லோன், லோன் அக்கவுண்ட் நம்பர் என்ன, வண்டி நம்பர் என்ன, உங்க ஏஜென்சி பேரு என்னன்னு திருப்பிக் கேட்டேன். தயவுசெஞ்சு நீங்களும் வெரிஃபிகேஷன்னு சொல்லி எதையும் கொடுத்துடாதீங்க, அவங்க ரெக்கார்டுல காலியா இருக்கற இடத்தை நாமளே நிரப்பி, அந்த லோனை நம்ம மேல இன்னும் கெட்டியா ஒட்டி வச்ச மாதிரி ஆயிடும். இன்னொரு வலை இருக்கு, "சரி சார், இப்போதைக்கு ஐநூறு ரூபா மட்டும் போடுங்க, கால் வராம நான் பார்த்துக்கறேன்"னு ரொம்ப அன்பா சொல்லுவான். தொல்லை விட்டா போதும்னு போட்டுடத் தோணும். போட்டா, லோன் உன்னோடதுதான்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவாங்க. 1963 லிமிடேஷன் சட்டப்படி, கேஸ் போடறதுக்கான மூணு வருஷக் கெடு முடியறதுக்குள்ள கடன் வாங்கினவர் ஒரு பகுதி பணம் கட்டினாலோ, கடன் இருக்குன்னு எழுதிக் கையெழுத்து போட்டாலோ, அந்தக் கெடு மறுபடி முதல்ல இருந்து ஓட ஆரம்பிக்கும். நமக்கு சம்பந்தமே இல்லாத கடனுக்கு எதுக்கு இந்த வம்பு.

அன்னைக்கு ராத்திரியே கிரெடிட் ரிப்போர்ட், அதாவது நம்ம பேர்ல இருக்கற கடன் எல்லாம் பதிவாகியிருக்கற அறிக்கை, எடுத்தேன். இந்தியாவுல சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இதைத் தர நாலு கிரெடிட் பீரோ கம்பெனி இருக்கு, நாலுமே வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமா கொடுத்தே ஆகணும், ஆர்பிஐ (ரிசர்வ் வங்கி) ரூல். நாலையும் எடுத்துப் பாருங்க, ஒண்ணுல இல்லாதது இன்னொண்ணுல இருக்கும். எனக்கு ஒண்ணுல மட்டும்தான் அந்த வண்டி லோன் இருந்துச்சு, கூடவே நான் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மாவட்டத்து அட்ரஸும், யாரோ ஒருத்தரோட போன் நம்பரும். அப்பதான் கதை புரிஞ்சுது. அந்த மனுஷன் கம்பெனிக்கு டிமிக்கி கொடுத்துட்டு நம்பரை மாத்திட்டார், கம்பெனிக்காரங்க ஆளைத் தேட கிரெடிட் பீரோ டேட்டாவைத் தோண்டியிருக்காங்க, அங்க பேரும் தேதியும் ஒண்ணா இருக்குன்னு ரெண்டு பேர் ஃபைலும் கலந்து கிடக்க, என் நம்பர் அவங்க கையில சிக்கிடுச்சு. அதாவது போன் பண்றவன்கிட்ட சண்டை போட்டுப் பிரயோஜனமே இல்லை, கோளாறு இருக்கறது டேட்டாவுல.

லோன் கொடுத்த கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். ஒவ்வொரு ஃபைனான்ஸ் கம்பெனியும் அந்த அதிகாரி பேரையும் மெயில் ஐடியையும் வெப்சைட்ல போட்டிருக்கணும், கீழ பொடி எழுத்துல எங்கயாவது இருக்கும், தேடுங்க. கஸ்டமர் கேருக்கு போன் பண்றதும் கிணத்துல கல்லைப் போடறதும் ஒண்ணுதான். மெயில்ல கோபம் எதுவும் காட்டலை. இந்த லோன் அக்கவுண்ட் என்னோடது இல்லை, லோன் அப்ளிகேஷன்ல இருக்கற போட்டோ, கையெழுத்து, கேஒய்சி (அடையாள ஆவணம்), ஆர்சி காப்பி அனுப்புங்க, விசாரிச்சு முடியற வரைக்கும் ஏஜென்சியை நிறுத்தி வைங்கன்னு எழுதினேன். வந்த கால் எல்லாத்தோட நம்பரும் நேரமும் ஒரு ஷீட்ல போட்டு இணைச்சேன்.

நேரம் ஏன் முக்கியம்னா, 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஆர்பிஐ போட்ட சர்க்குலர்படி காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் வசூலுக்கு கால் பண்ணக்கூடாது. மிரட்டக்கூடாது, சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், ரெஃபரன்ஸ் கொடுத்தவங்களோட அந்தரங்கத்துல தலையிடக்கூடாதுன்னும் அதுல இருக்கு. எனக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேலயும் கால் வந்துச்சு. என் மச்சான் நம்பர் எப்படியோ கிடைச்சு அவருக்கும் போட்டு, "உங்க மாமா ஏமாத்திட்டு திரியறாரு"ன்னு சொல்லியிருக்கானுங்க. மச்சான் நல்ல மனுஷன், "ஏமாத்தற அளவுக்கு அவருக்கு சாமர்த்தியம் இல்லைங்களே"ன்னு சொல்லி போனை வச்சிருக்கார். பாராட்டா திட்டான்னு இன்னும் தெரியலை, ஆனா அந்த காலும் ஷீட்ல ஏறுச்சு.

முதல்ல வந்த பதில் ஆட்டோ ரிப்ளை, டிக்கெட் நம்பரோட. அடுத்தது, "எங்கள் பதிவுகளின்படி நிலுவை உள்ளது, உடனடியாக செலுத்தவும்". நான் எழுதினதை ஒரு மனுஷனும் படிக்கலைன்னு அர்த்தம். மறுபடி அதே மெயிலுக்கே ரிப்ளை போட்டேன், எல்லாம் ஒரே கயித்துல தொங்கணும்கறதுக்காக. அப்புறம் "உங்க ஆதார், பான் அனுப்புங்க, சரிபார்க்கறோம்"னு வந்துச்சு. இதுல யோசிச்சேன், போன்ல கேட்டவனுக்குத் தராததை இங்க தரலாமான்னு. கம்பெனியோட அஃபிஷியல் மெயில் ஐடிதான், ஒப்பிட்டுப் பார்க்க அவங்களுக்கும் ஏதாவது வேணும். கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரும், பான் காப்பியும், ரெண்டுலயும் குறுக்க "இந்தப் புகார் விசாரணைக்கு மட்டும்"னு தேதியோட எழுதி அனுப்பினேன்.

அடுத்து வந்த பதில்தான் உச்சம். "கஸ்டமரின் ஆவணங்களை தேர்ட் பார்ட்டிக்கு பகிர இயலாது". படிச்சுட்டு சிரிச்சுட்டேன். பணம் கேட்கறப்போ நான் கஸ்டமர், பேப்பர் கேட்கறப்போ நான் தேர்ட் பார்ட்டி! இதை விடவே கூடாதுன்னு அதே மெயில்ல எழுதினேன்: நான் கஸ்டமர்னா என் ஆவணத்தை எனக்கே தர என்ன தடை? தேர்ட் பார்ட்டின்னா என்கிட்ட வசூல் பண்ண உங்களுக்கு என்ன உரிமை? ரெண்டுல எதுன்னு எழுத்துல சொல்லுங்க. இந்த தடவை ப்ரின்சிபல் நோடல் ஆபீசரையும், அதாவது கம்பெனியில புகார்களுக்குப் பொறுப்பான பெரிய அதிகாரியையும், காப்பியில போட்டேன். அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் மெயில்ல சத்தமே இல்லை, கால் மட்டும் வழக்கம்போல வந்துக்கிட்டே இருந்துச்சு.

நடுவுல ஒரு நாள் வீட்டுக்கே ஒருத்தர் வந்தார். ஏஜென்ட் நேர்ல வந்தா ஐடி கார்டும், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதமும் கையில வச்சிருக்கணும், பேங்குகளுக்கு 2008லயே வந்த ரூல் இது. கேட்டேன், கார்டு இருந்துச்சு, கடிதம் இல்லை. ஆனா ஒண்ணு சொல்லணும், இந்த மொத்த கதையிலயும் ஒழுங்கா நடந்துக்கிட்ட ஒரே ஆள் அவர்தான். போன்ல இருந்த போட்டோவைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார், "அண்ணே இது நீங்க இல்லையே"ன்னார். அதைத்தாம்பா நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்! நான் ரிப்போர்ட்ல போட்டுடறேண்ணேன்னு போயிட்டார். போட்டாரோ இல்லையோ, மறுநாள் காலைல கால் வந்துச்சு. நான் அன்னைக்கே அவர் வந்த தேதி, நேரம், கார்டுல இருந்த நம்பர், சொன்ன வார்த்தை எல்லாத்தையும் மெயில்ல சேர்த்துட்டேன்.

அப்புறம் வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப், மேல தராசு படம், சிவப்பு எழுத்துல "இறுதி எச்சரிக்கை", பிடிவாரண்ட் வரும், போலீஸ் வரும்னு. வீட்டுல பயந்துட்டாங்க. நான் உட்கார்ந்து நிதானமா படிச்சேன், கோர்ட் பேரு இல்லை, கேஸ் நம்பர் இல்லை, கையெழுத்து போட்ட வக்கீல் பேரு கூட இல்லை. கோர்ட் கேஸ் விவரம் எல்லாம் இருக்கற ஈ-கோர்ட்ஸ் சைட்ல என் பேரைப் போட்டுத் தேடினேன், ஒண்ணும் இல்லை. லோன் ட்யூ கட்டாதது சிவில் விஷயம், அதுக்காக போலீஸ் வந்து கைது பண்ணாது. செக் பவுன்ஸ் ஆனா அது வேற, அது நெகோஷியபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் சட்டத்தோட 138ஆவது பிரிவு, கிரிமினல் கேஸ். அதுக்காக எல்லா நோட்டீஸையும் குப்பையில போடாதீங்க, தபால்ல வக்கீல் பேரோட முறையா வந்தா பதில் கொடுத்தே ஆகணும். எனக்கு அப்படி எதுவும் வரலை, இருந்தாலும் என் மெயில்ல இருந்ததையே ஒரு லெட்டரா அடிச்சு, கம்பெனி ரிஜிஸ்டர்டு ஆபீசுக்கு ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்பி வச்சேன். அந்த அட்டை திரும்பி வந்தது பின்னாடி நல்லா உதவுச்சு.

இன்னொரு பக்கம் கிரெடிட் பீரோ சைட்ல அந்த அக்கவுண்ட் மேல டிஸ்ப்யூட் போட்டேன், இந்த அக்கவுண்டே என்னோடது இல்லைன்னு. இதுல தெரிஞ்சுக்க வேண்டியது, பீரோ தானா எதையும் மாத்தாது, கடன் கொடுத்த கம்பெனியைக் கேட்கும், அவங்க சரின்னாதான் மாத்தும். எல்லாம் சேர்த்து 30 நாள் கெடு, அதுல கம்பெனிக்கு 21 நாள். 30 தாண்டினா நாளுக்கு 100 ரூபா நமக்கு இழப்பீடு தரணும்னு 2024 ஏப்ரல்ல இருந்து ரூல் இருக்கு. என் கேஸ்ல கெடுவுக்குள்ளயே பதில் வந்துடுச்சு, "கம்பெனி சரிபார்த்து விட்டது, மாற்றம் இல்லை"ன்னு. எப்படி சரிபார்த்தாங்கன்னு கேட்டா, அவங்க டேட்டாவோட அவங்க டேட்டாவையே ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க, பொருந்தாம எங்க போகும்.

கம்பெனிக்கு புகார் கொடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) போகலாம். 2021 நவம்பர்ல வந்த ஒருங்கிணைந்த திட்டம், ஆர்பிஐயோட புகார் சைட்டான சிஎம்எஸ் போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், சந்தேகம் இருந்தா 14448க்கு போன் பண்ணலாம். 2022 செப்டம்பர்ல இருந்து கிரெடிட் பீரோ மேலயும் இதுலயே புகார் கொடுக்கலாம். நான் கம்பெனி மேல ஒண்ணு, பீரோ மேல ஒண்ணு போட்டேன். கதை எழுதலை, மெயில் செயினை அப்படியே பிடிஎஃப் ஆக்கி, "தேர்ட் பார்ட்டி" வரியை மட்டும் மஞ்சள் கலர் அடிச்சு மேல வச்சேன், கூட வந்த கால் எல்லாம் குறிச்ச ஷீட், ஒப்புகை அட்டை, பீரோ ரிப்போர்ட்ல அந்த தப்பு அட்ரஸ் இருந்த பக்கம், அவ்வளவுதான். ஒண்ணு கவனிங்க, முதல்ல கம்பெனிக்கு எழுதாம நேரா இங்க போனா எடுத்துக்க மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க.

அதுக்கு அப்புறம் நடந்த வேகத்தைப் பார்த்து எரிச்சல்தான் வந்துச்சு. அவ்வளவு நாள் சத்தமில்லாம இருந்த நோடல் ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் போன் பண்ணி, "சார், செக் பண்ணோம், அப்பா பேரு விரிச்சு எழுதினா வேற, அட்ரஸ் வேற, போட்டோ வேற, உங்களுக்கும் இந்த லோனுக்கும் சம்பந்தம் இல்லை, ஓம்புட்ஸ்மேன் புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களா"ன்னாங்க. லெட்டர் கொடுங்க மேடம், பீரோவுல மாத்தினதும் வாபஸ் வாங்கறேன்னேன். "க்ளோஸ்டு"ன்னோ "செட்டில்டு"ன்னோ மாத்திடறோம்னு ஒரு பேச்சு எடுத்தாங்க, அதுக்கு ஒத்துக்கலை. செட்டில்டுன்னு இருந்தா நான் லோன் வாங்கி, முழுசா கட்டாம பேரம் பேசி முடிச்சதா ஆகும், அடுத்து வீட்டு லோனுக்குப் போறப்போ அதுவே கழுத்துல விழும். என் ரிப்போர்ட்ல இருந்து அந்த அக்கவுண்டே மொத்தமா போகணும், அதான் கேட்டேன், அதான் கடைசியில நடந்துச்சு. கம்பெனி லெட்டர்ஹெட்ல, லோன் நம்பர் போட்டு, இவருக்கு இதுல எந்தப் பொறுப்பும் இல்லைன்னு ஒரு கடிதமும் வாங்கிட்டேன். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அதுல இல்லை, "ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" அவ்வளவுதான். இழப்பீடு கேட்டு இழுத்திருக்கலாம்னு மச்சான் இப்பவும் சொல்றார், எனக்கு அதுக்குப் பொறுமை இல்லை.

அந்த லெட்டரை போன்லயே வச்சிருக்கேன். இந்த மாதிரி வராக்கடனை கம்பெனிகள் மொத்தமா வேற கம்பெனிக்கு வித்துடுவாங்க, பழைய லிஸ்டும் பழைய போன் நம்பரும் கூடவே போகும். பல மாசம் கழிச்சு வேற ஒரு ஏஜென்சில இருந்து அதே வண்டி நம்பரைச் சொல்லி கால் வந்துச்சு. உங்க மெயில் ஐடி கொடுங்கன்னு கேட்டு லெட்டரை அனுப்பினேன், அதுக்கு அப்புறம் அவங்க கூப்பிடலை.