செத்த வாட்சுகளும் ஒரு மடக்கு மேசையும்

இங்கிலாந்தின் லிங்கன் நகருக்குக் குடிவந்த மூன்றாம் நாள், பால் வாங்கப் போன கடையில் எனக்கு முன்னால் ஒருவர் வரிசையில் நின்றார். தலையில் உயரமான கறுப்புத் தொப்பி, அதன் மேல் பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடி, தோளிலிருந்து விரல் வரை குழாயும் பல்சக்கரமுமாக ஓர் இயந்திரக் கை. கடைக்காரப் பெண் எல்லாரையும் போல அவருக்கும் மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பினாள். சரி, இந்த ஊரில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர்தான் தேடிப் பார்த்துச் சொன்னார். ஆகஸ்ட் கடைசி வாரத்து நீண்ட விடுமுறையில் இங்கே 'அசைலம்' என்ற ஸ்டீம்பங்க் திருவிழா நடக்குமாம், 2009இல் தொடங்கியதாம்.

மறுநாள் ஸ்டீப் ஹில் ஏறிப் போனேன். பேருக்கேற்ற ஏற்றம், பாதியிலேயே மூச்சு வாங்கியது. மேலே கோட்டைப் பக்கம் எங்கு பார்த்தாலும் அதே கோலத்தில் ஆட்கள். ஒரு மேசையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, டீயில் பிஸ்கட்டை ஐந்து எண்ணும் வரை முக்கி எடுத்துக் கையில் பிடித்திருந்தார்கள். உடைந்து விழாமல் கடைசி வரை தாங்கிவிட்டு வாயில் போடுபவர் வென்றவர். அதற்கு ஒரு நடுவர் வேறு. இந்த நாட்டு மக்கள் விறைப்பானவர்கள் என்று யார் சொன்னது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நீராவியும் பித்தளையும் போகாமலே உலகம் வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனைதான் ஸ்டீம்பங்க். பார்க்க விக்டோரியா காலம், ஆனால் சொல்லே 1987இல்தான் பிறந்தது. எனக்கு அதில் பிடித்தது பல்சக்கரம். சின்ன வயதிலிருந்தே நின்றுபோன கடிகாரத்தைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத ஆள் நான். அப்படித்தான் ஓடாத வாட்சுகளைப் பிரித்து, சட்டையில் குத்தும் பூச்சிகளும் குட்டி அறைகளும் செய்து விற்க ஆரம்பித்தேன்.

கணவர் வேலை விசாவில் வந்தவர். அந்த விசாவில் இருப்பவர் வேறு வேலையோ தொழிலோ கூடுதலாகச் செய்யக் கட்டுப்பாடு உண்டு. துணைவியாக வந்த எனக்கு அந்தத் தடையில்லை. அதனால் வீட்டில் வியாபாரி நான்தான். அவர் பெட்டி தூக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்று டீ குடிப்பார். சொந்தத் தொழிலில் ஒரு வரி ஆண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டாவிட்டால் வரித்துறையில் பதிவே தேவையில்லை. முதல் வருடம் நான் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

மூலப்பொருள் கார் பூட் சேலில். ஞாயிறு விடிகாலை, ஈரப் புல்வெளியில் கார் டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுப் பழசுகளை விற்பார்கள். ஓடாத வாட்ச் ஒன்று ஒரு பவுண்டு. மூன்று எடுத்தால் இரண்டு. பேரம் தாராளமாக நடக்கும். அதே மக்கள் கைவினைச் சந்தையில் என் மேசைக்கு வந்தால் ஒரு பென்னி குறைத்துக் கேட்க மாட்டார்கள். பிடித்தால் வாங்குவார்கள், பிடிக்காவிட்டால் "ரொம்ப அழகு, ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறோம்" என்பார்கள். முதல் சந்தையில் இதை அப்படியே நம்பி நான்கு பேருக்காக நான்கு பொருளை மேசைக்கடியில் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் சோப்பு விற்ற அம்மாள் கடைசியில் பாவம் பார்த்துச் சொன்னார்: "அது வேண்டாம் என்பதற்கு மரியாதையான சொல், கண்ணு." கண்ணு என்றது என் மொழிபெயர்ப்பு. அவர் சொன்னது 'டக்'. லிங்கன்காரர்கள் பிரியமாகப் பேசினால் எல்லாரும் வாத்துதான்.

அந்த முதல் சந்தை ஒரு தேவாலயக் கூடத்தில். ஆறடி மேசை, வாடகை 25 பவுண்டு, கதவோரம், வாட்டும் குளிர். மேசைக்குப் பதிவு செய்யும்போது பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது நம்மால் வெளியாளுக்குக் காயமோ நஷ்டமோ ஆனால் ஈடுகட்டும் காப்பீடு, இருக்கிறதா என்று கேட்டார்கள். எவ்வளவுக்கு என்றால் ஐம்பது லட்சம் பவுண்டுக்கு! நான் விற்பது சட்டையில் குத்தும் பல்சக்கரப் பூச்சி. யாரை என்ன செய்துவிடும்? நல்லவேளை, ஆண்டுச் சந்தா அவ்வளவு இல்லை. அப்புறம் குட்டி அறைகள். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு, அதாவது ஓரடிக்கு ஓரங்குலம். பிள்ளைகள் கை நீட்டாமல் இருக்குமா? பதினான்கு வயதுக்குக் கீழே விளையாடக் கொடுப்பதென்றால் பொம்மைப் பாதுகாப்புச் சோதனை, முத்திரை எல்லாம் வேண்டும். "விளையாட்டுப் பொருள் அல்ல, சேகரிப்பவர்களுக்கு" என்று ஒவ்வொன்றிலும் அட்டை கட்டினேன். இத்தனைக்கும் இந்த ஊர்க்காரர்களுக்குக் குட்டி வீடு புதிதல்ல. வின்சர் கோட்டையில் இருக்கும், மேரி ராணிக்காக 1924இல் முடித்த பொம்மை வீடும் இதே அளவுதான். அதில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். வாரம் தவறாமல் யாராவது ஒருவர் அதைப் பற்றி எனக்குச் சொல்லிவிடுவார்.

சோப்பு அம்மாளின் கணவர் ஒருநாள் என் வாட்ச் பெட்டியைக் கிளறிப் பார்த்தார். இருட்டில் ஒளிரும் எண் போட்ட பழைய வாட்சுகளாகப் பொறுக்கித் தனியே வைத்தார். 1960கள் வரை அந்தச் சாயத்தில் உடம்புக்குக் கேடான கதிர்வீச்சுள்ள ரேடியம் கலந்தார்கள். ஒளி எப்போதோ அணைந்திருக்கும், ரேடியம் அப்படியே இருக்கும்; பாதியாகவே 1,600 வருடம் ஆகும். நானோ அதற்கு முந்தைய வாரம்தான் அப்படி ஒரு டயலைச் சமையல் மேசையில் வைத்துச் சுரண்டலாமா என்று கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். கத்தி கிடைக்கவில்லை, பிழைத்தேன்.

"உங்களைப் போன்றவருக்கு இந்த விக்டோரியா காலம் எப்படிப் பிடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். நம் நாட்டை இவர்கள் ஆண்ட காலமாயிற்றே என்ற அர்த்தத்தில்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை. ஸ்டீம்பங்க் ஆட்களே இதைப் பேசிக்கொள்வார்கள்: உடை விக்டோரியா காலத்தது இருக்கட்டும், அந்தக் காலத்துப் புத்தி வேண்டாம். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வான்கப்பல் மாலுமியின் அறை செய்தேன். சுவரில் உலக வரைபடம். அந்தக் காலத்து வரைபடங்களில் பிரிட்டன் ஆண்ட நிலமெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கும். என்னுடையதில் அந்த நிறத்தைத் தொடவேயில்லை. ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். சிரித்தார். விலை கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

போன நவம்பரில் ஒரு பாட்டி கைக்குட்டையில் சுற்றிய வாட்சைக் கொண்டுவந்தார். இறந்துபோன கணவருடையது, பிரித்து ஏதாவது செய்து தருவாயா என்றார். முதலில் திருப்பிப் பார்த்தேன். டயலில் ஒளிரும் எண் இல்லை. ஆனாலும் பிரிக்க மனசு வரவில்லை, ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் அசையவில்லை. ஓடுகிற வாட்ச் வீட்டில் இன்னொன்று இருக்கிறதாம். இதன் குறுக்களவோ மூன்று சென்டிமீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள குட்டி அறையில் அது முப்பத்தாறு சென்டிமீட்டருக்குச் சமம், ரயில் நிலையத்துச் சுவர்க் கடிகார அளவு. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் ஒரு குட்டிக் காத்திருப்பு அறையின் சுவரில் பதித்துக் கொடுத்தேன். முள்ளை எங்கே நிறுத்த என்று கேட்டேன். நான்கு, அவர் டீ கேட்கும் நேரம் என்றார். பெஞ்சில் ஒரு டீக் கெண்டியும் செய்து வைத்தேன், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.